குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கணினி: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

புதிதாகக் கேமிங் கணினி அமைக்க நினைப்பவர்கள், வாங்கவிருக்கும் பாகங்களைப் பட்டியலிட்டு என்னிடம் சரிபார்க்கக் கொடுப்பது வழக்கம். அப்பட்டியல்களில் பெரும்பாலும் குறை எந்தத் தனிப் பாகத்திலும் இருப்பதில்லை. பாகங்களைத் தேர்ந்தெடுத்த வரிசையில்தான் இருக்கிறது. பிராசசரை முதலில் முடிவுசெய்து, அதற்கு ஒரு நல்ல மதர்போர்டைப் பிடித்து, கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட்டையும் சேர்த்த பிறகு, மிஞ்சிய பணத்துக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டை அடக்கியிருப்பார்கள். ஆனால் விளையாட்டின் ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் ஒவ்வொரு படத்தையும், வரைந்து தருவது அந்தக் கார்டுதான்.

கீழே உள்ள வரிசை திரையில் தொடங்கிக் கேபினெட்டில் முடிகிறது. எல்லாப் பாகங்களும் தாளில் முடிவாகும்வரை ஒன்றைக்கூட வாங்க வேண்டாம். ஒரு பாகம் தள்ளுபடியில் கிடைத்தது என்று முந்திக்கொண்டு வாங்கினால், மீதி அத்தனையும் அதற்கு ஏற்பத்தான் அமைய வேண்டிவரும்.

தொடங்கும் முன் தேவையானவை

முதலில் மொத்தத் தொகையை எழுதுங்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், இயங்குதளத்துக்கான உரிமம் ஆகியவற்றில் உங்களிடம் இல்லாதவை எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும். இவற்றை மறந்துவிட்டுப் பெட்டிக்கே (கேபினெட்டும் அதன் உள்ளிருக்கும் பாகங்களும்) முழுப் பணத்தையும் ஒதுக்கியவர்கள், கடைசி நேரத்தில் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் பணத்தைக் கழிக்கிறார்கள்.

இரண்டாவதாக, அடுத்த ஓராண்டில் நீங்கள் உண்மையிலேயே விளையாடப்போகும் ஐந்தாறு விளையாட்டுகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதன் நிறுவனம் பரிந்துரைக்கும் கார்டு, பிராசசர், ரேம் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தேவை என்று தரப்படும் அளவைப் பார்க்க வேண்டாம். அது விளையாட்டு திறக்கும் என்பதற்கான அளவு, விளையாடிச் சுகப்படுவதற்கான அளவு அன்று.

மூன்றாவதாக, பழைய கணினியில் எடுத்துக்கொள்ளக்கூடியவை எவை என்று பாருங்கள். எஸ்எஸ்டி, ஃபேன்கள், கீபோர்டு ஆகியவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். பல ஆண்டுகள் உழைத்த பவர் சப்ளையை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதாக ஆகத் தளர்ந்துபோகும், அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

1. திரையை முடிவுசெய்யுங்கள்

திரையில் எத்தனை பிக்சல்கள் உள்ளனவோ அத்தனையையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிராபிக்ஸ் கார்டு கணக்கிட வேண்டும். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள், 2560×1440 திரையில் 36.9 லட்சம், 3840×2160 திரையில் 82.9 லட்சம். அதாவது முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் வேலை ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்று அதிகமாகிறது. மூன்றாவதுக்குப் போனால் சரியாக நான்கு மடங்காகிறது. ஆகவே திரையை முடிவுசெய்யாமல் எந்தக் கார்டு போதும் என்ற கேள்விக்கு விடை சொல்லவே முடியாது.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் 1920×1080 திரையையே என் பரிந்துரையாகச் சொல்வேன். 24 அங்குல அளவில் அது கண்ணுக்குப் போதுமான தெளிவைத் தரும்; அடுத்த சில ஆண்டுகளுக்குக் கார்டுக்கும் மூச்சு விட இடம் இருக்கும்.

அடுத்தது ரீஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறையும், 144 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 6.9 மில்லிவிநாடிக்கு ஒருமுறையும் படத்தை மாற்றுகின்றன. போட்டி வகைத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளை ஆடுபவருக்கு இந்த வேறுபாடு கையிலேயே தெரியும். கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளை ஆடுபவருக்கு விநாடிக்கு நிலையான 60 ஃப்ரேம்களே நிறைவளிக்கும். நீங்கள் எந்த வகையில் சேர்ந்தவர் என்பதைத் தாளில் எழுதிவையுங்கள். முதல் வகையினருக்குப் பிராசசரின் பங்கு கூடுகிறது. இரண்டாம் வகையினருக்கு ஏறக்குறைய எல்லாச் சுமையும் கார்டின் மேல்தான்.

மானிட்டர் எதுவாக இருந்தாலும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி உள்ளதாகப் பாருங்கள். கார்டு தரும் ஃப்ரேம் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால், ஃப்ரேம்கள் ஏறி இறங்கும்போது படம் கிழிவதில்லை. குறைந்த விலைக் கார்டில் ஃப்ரேம்கள் ஏறி இறங்கத்தான் செய்யும் என்பதால், இவ்வசதி நமக்குத்தான் அதிகம் தேவை.

2. பணத்தைப் பங்கிடுங்கள்

பெட்டிக்கு மட்டும் ஒதுக்கிய தொகையை நூறு பங்காகக் கொண்டால், 35 முதல் 45 பங்குவரை கிராபிக்ஸ் கார்டுக்கும், 15 முதல் 20 பங்கு பிராசசருக்கும் போகட்டும். மீதமுள்ளதில்தான் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட் ஆகியவை அடங்க வேண்டும். இது என் அனுபவத்தில் அமைந்த பங்கீடு. ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றின் விலை ஏறும் காலங்களில் சற்று முன்பின்னாகும்.

எதில் குறைப்பது என்ற தடுமாற்றம் வரும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாகத்தைப் பின்னர் கூட்டிக்கொள்ள முடியுமா, அல்லது கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டுமா? இரண்டாவது எஸ்எஸ்டியைப் பின்னர் சேர்க்கலாம்; கேபினெட்டுக்கு ஃபேன் சேர்க்கலாம். மதர்போர்டை மாற்ற வேண்டுமென்றால் முழுக் கணினியையும் பிரிக்க வேண்டும். ஆகவே சேர்க்கக்கூடியவற்றில் இப்போது குறையுங்கள்.

3. கிராபிக்ஸ் கார்டு

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தகும்.

முதலில் கார்டின் சொந்த நினைவகம், அதாவது விரேம். 1920×1080 திரைக்கு 8 ஜிபியைக் கீழ் எல்லையாகக் கொள்ளுங்கள். 12 ஜிபி கிடைத்தால் நிம்மதி. விரேம் நிரம்பிவிட்டால் விளையாட்டின் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) கணினியின் ரேமுக்குத் தள்ளப்பட்டு, மதர்போர்டின் ஸ்லாட் வழியே போய்வர வேண்டியிருக்கும். அந்த வழி கார்டின் சொந்த நினைவகத்தைக் காட்டிலும் பல மடங்கு மெதுவானது. அப்போது சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றினாலும், திரும்பும்போதும் ஓடும்போதும் படம் விக்கிவிக்கி நிற்கும். அதனால்தான் ஒப்பீடுகளைப் படிக்கும்போது சராசரியோடு நிறுத்தாமல், ஒரு சதவீதக் கீழ்நிலை ஃப்ரேம் (மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) என்று தரப்படும் எண்ணையும் பார்க்கச் சொல்கிறேன். விக்கல் இருந்தால் அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, பெயரை முழுமையாகப் படியுங்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் 6 ஜிபி கார்டும் உள்ளன. இரண்டுக்கும் இடையே நினைவகம் மட்டும் 2 ஜிபி குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. 8 ஜிபி கார்டில் 2560 கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) 128 பிட் நினைவகப் பாதையும் இருக்க, 6 ஜிபி கார்டில் 2304 கோர்களும் 96 பிட் பாதையும்தான் உள்ளன. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டிலும் இதே கதைதான்: 12 ஜிபி கார்டுக்கு 192 பிட் பாதை, பின்னால் வந்த 8 ஜிபி கார்டுக்கு 128 பிட் பாதை. விலைப்பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து, ஒன்றுக்கு எழுதப்பட்ட ஒப்பீட்டை மற்றொன்றுக்குப் பொருத்திக்கொண்டு வாங்கியவர்கள் பலர். தாளில் எழுதும்போது நினைவக அளவோடு சேர்த்தே கார்டின் பெயரை எழுதுங்கள்.

மூன்றாவது, கார்டு மதர்போர்டோடு பேசும் பாதையின் அகலம். கார்டின் இணைப்பான் முழு நீளத்தில் இருந்தாலும், குறைந்த விலைக் கார்டுகள் பலவற்றில் 16 லேன்களும் (தரவு போய்வரும் தடங்கள்) இணைக்கப்பட்டிருக்காது. 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் 4 லேன்கள் மட்டுமே உள்ளன. நினைவகமும் 4 ஜிபிதான். பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் தரநிலை) 4.0 உள்ள மதர்போர்டில் ஓரளவு சமாளிக்கும் அக்கார்டு, பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய மதர்போர்டில் பாதையின் வேகம் பாதியாகிவிடுவதால் வெளிப்படையாகத் தடுமாறும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவற்றில் 8 லேன்கள் இருப்பதால் இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. இன்டெலின் ஆர்க் பி580 கார்டுக்கு 12 ஜிபி நினைவகம் இருப்பது கவர்ச்சியானதுதான். ஆனால் மதர்போர்டின் பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) ரீசைசபிள் பார் வசதி, அதாவது கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி, இல்லையென்றால் அதன் வேகம் மிகவும் குறைந்துவிடும். பழைய மதர்போர்டில் அதைப் பொருத்த நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் ஆகிய நுட்பங்களைக் கணக்கில் சேர்ப்பது. இவை குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கித் தருகின்றன. 1920×1080 திரையில் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் ஆகியவற்றின் குவாலிட்டி என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் கார்டு உண்மையில் வரைவது 1280×720 அளவில்தான். இது பயனுள்ள வசதியே. ஆனால் இடையில் ஃப்ரேம்களைத் தானே உருவாக்கிச் செருகும் வசதியோடு அளந்த எண்களை வைத்து இரண்டு கார்டுகளை ஒப்பிடாதீர்கள். செருகிய ஃப்ரேம்கள் படத்தை மென்மையாக்கும். உங்கள் மவுஸ் அசைவுக்கு விளையாட்டு பதிலளிக்கும் வேகத்தைக் கூட்டாது.

ஒரே கிராபிக்ஸ் சில்லைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு கூலர்களோடு விற்கின்றன. மூன்று ஃபேன், வண்ண விளக்கு என்று அலங்கரித்த மாடலுக்கும் எளிய இரண்டு ஃபேன் மாடலுக்கும் விளையாட்டில் ஓரிரு ஃப்ரேம்தான் வேறுபடும். அந்த அலங்கார விலையைக் கூட்டிப் பார்த்தால், பல சமயம் அடுத்த நிலைச் சில்லின் எளிய மாடல் அதே விலையில் நிற்கும். எப்போதும் சில்லுக்குப் பணம் கொடுங்கள்.

பயன்படுத்திய கார்டை வாங்குவது தவறில்லை, நேரில் பார்த்துச் சோதிக்க முடியுமென்றால் மட்டும். ஒரு கனமான விளையாட்டை அரைமணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். ஃபேன்கள் எல்லாம் சுழல்கின்றனவா, உரசும் ஒலி வருகிறதா, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா என்று கவனியுங்கள். இயக்கிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

4. பிராசசர்

கார்டு முடிவானபின் அதைக் காக்கவைக்காத பிராசசரைத் தேடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இன்றைய விளையாட்டுகளுக்கு 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் கையாளக்கூடிய வேலைத்தொடர்கள்) என்பது பட்ஜெட் கணினிக்குப் பொருத்தமான நிலை. ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5 12400எஃப் ஆகிய இரண்டும் இந்த நிலையில் உள்ளவை. தொகை மிகக் குறைவாக இருந்தால் 4 கோர், 8 திரெட் உள்ள கோர் ஐ3 12100எஃப் தொடங்குவதற்கு உதவும்; அதே சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) பின்னர் பெரியதற்கு மாறலாம்.

இங்கும் எண்களைக் கூர்ந்து படியுங்கள். ரைசன் 5 5500 பிராசசருக்கும் 5600 பிராசசருக்கும் கோர் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் 5600 பிராசசரில் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்) இருக்க, 5500 பிராசசரில் 16 எம்பிதான்; மேலும் அது பிசிஐஇ 3.0 வரைதான் போகும். கேஷ் குறைந்தால் பல விளையாட்டுகளில் ஃப்ரேம்கள் குறையும், பிசிஐஇ 3.0 என்பது முன்பு சொன்ன குறுகிய பாதைக் கார்டுகளைப் பாதிக்கும். விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் 5600 பக்கமே நில்லுங்கள்.

பெயரின் கடைசி எழுத்தும் முக்கியம். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. கே என்று முடிபவை ஓவர்க்ளாக் செய்வதற்கானவை, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கானவை. அதற்கு உரிய மதர்போர்டும் கூலரும் வேண்டும், ஆகவே நமக்கு வேண்டாம். ரைசன் 5 7600 பெட்டிக்குள் கூலர் வரும், 7600எக்ஸ் பெட்டிக்குள் வராது. இரண்டையும் ஒப்பிடும்போது கூலர் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கார்டுக்கு இப்போது பணமே இல்லை என்பவர்கள், ரைசன் 5 8600ஜி போன்று வலுவான கிராபிக்ஸ் உள்ளமைந்த பிராசசரோடு தொடங்கலாம். எளிய விளையாட்டுகள் குறைந்த அமைப்பில் ஓடும். ஆனால் அப்படித் தொடங்கி ஆறு மாதத்தில் கார்டு வாங்கப்போகிறீர்கள் என்றால், அந்தக் கிராபிக்ஸுக்குக் கொடுத்த கூடுதல் விலை வீணாகும். ஆறு மாதம் சேர்த்துவைத்துக் கார்டோடு வாங்குவதே சிக்கனம்.

5. மதர்போர்டு

பிராசசரின் சாக்கெட்டும் ரேமின் தலைமுறையும் இங்கே ஒன்றுசேர்கின்றன. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மட்டுமே. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரண்டு வகை மதர்போர்டுகளும் உள்ளன. ஒரே மாடல் பெயரின் கடைசியில் டி4 என்ற குறிப்பு இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடே இருக்கும். அதைப் பார்க்காமல் ரேமை வாங்கிவந்து, ஸ்லாட்டில் பள்ளம் பொருந்தாமல் கையில் பிடித்தபடி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளம் இடம் மாறி இருப்பது தற்செயல் இல்லை. தவறான ரேம் உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பார்க்காதீர்கள்.

பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 நல்ல தேர்வு. இப்போதே குறைந்த செலவில் முடிக்க வேண்டுமென்றால் ஏஎம்4, எல்ஜிஏ1700 ஆகிய இரண்டும் இன்னும் உழைக்கக்கூடியவை. அவற்றில் புதிய தலைமுறைப் பிராசசரை எதிர்பார்க்க முடியாது என்பதை அறிந்தே வாங்குங்கள்.

சாக்கெட் பொருந்தினால் போதும் என்று நினைப்பது மற்றொரு தவறு. ஏஎம்4 சாக்கெட் உள்ள பி450 மதர்போர்டில் ரைசன் 5000 வரிசைப் பிராசசர் பொருந்தும். ஆனால் அதன் பயாஸ் பழையதாக இருந்தால் கணினி இயங்கத் தொடங்காது. பயாஸைப் புதுப்பிக்க ஏற்கெனவே இயங்கும் பிராசசர் ஒன்று வேண்டும், அது உங்களிடம் இருக்காது. பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள மதர்போர்டாக இருந்தால் இச்சிக்கல் எழாது.

மற்றபடி, நான்கு ரேம் ஸ்லாட், எஸ்எஸ்டி செருக இரண்டு எம்.2 ஸ்லாட், பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் ஒரு வெப்பக் கட்டை, தேவையென்றால் வைஃபை ஆகியவை இருந்தால் போதும். இதற்கு மேல் மதர்போர்டுக்குக் கொடுக்கும் பணம் ஃப்ரேமாகத் திரும்பி வராது.

6. ரேம்

16 ஜிபி குறைந்தபட்சம். அதை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக ஒரே பெட்டியில் வாங்குங்கள். இரண்டு குச்சிகள் இருந்தால்தான் பிராசசர் இரண்டு சேனல்களிலும் ஒரே நேரத்தில் படித்து எழுதும். பின்னர் இன்னொன்று வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒற்றைக் குச்சியில் தொடங்குபவர்கள், அதே மாடல் மீண்டும் கிடைக்காமல் வேறொன்றைச் சேர்த்து, முழு வேகத்தில் ஓடாத இணையைப் பெறுகிறார்கள். உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு இரண்டு குச்சி என்பது கட்டாயம். அங்கே ரேம்தான் விரேமும்.

வேகம், டிடிஆர்4 என்றால் 3200 அல்லது 3600. ஏஎம்5 மதர்போர்டில் டிடிஆர்5 என்றால் 6000. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு குச்சிகளைப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்த வேண்டும். மதர்போர்டின் கையேட்டில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

7. எஸ்எஸ்டி

1 டிபி என்விஎம்இ (பிசிஐஇ வழியே இயங்கும் வேகமான வகை) எஸ்எஸ்டி ஒன்று போதும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா வகையும் வருகிறது, அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு நின்றுவிடும். என்விஎம்இ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பிசிஐஇ 3.0, 4.0 இரண்டுக்கும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை என்பதால் விலை குறைந்ததையே எடுக்கலாம்.

8. பவர் சப்ளை

பெட்டியின் முகப்பில் உள்ள பெரிய எண்ணை நம்ப வேண்டாம் என்பதுதான் இங்கே முதல் பாடம். கனமான விளையாட்டைத் திறந்த பத்து நிமிடத்தில் கணினி அணைந்து மீண்டும் எழுகிறது என்று ஒருவர் தன் கணினியைக் கொண்டுவந்தார். கார்டு பழுது என்றே அவர் முடிவுகட்டியிருந்தார். பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, பவர் சப்ளையின் உடலில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தோம். மேலே 500 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தில் 25 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐ 25ஆல் பெருக்கினால் 300 வாட்தான். கார்டும் பிராசசரும் தங்கள் மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட் வழியேதான் எடுக்கின்றன. மீதி 200 வாட் அவை தொடாத வழிகளில் கணக்குக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. நல்ல பவர் சப்ளையை மாற்றியதும் அதே கார்டு அணையாமல் ஓடியது.

ஆகவே அட்டவணையைப் பாருங்கள். 550 வாட் என்று விற்கப்படும் நல்ல பவர் சப்ளையில் 12 வோல்ட் கட்டத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு, அதாவது 540 வாட் அளவுக்கு இருக்கும்.

தேவையைக் கணக்கிடுவது எளிது. 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட், கோர் ஐ5 12400எஃப் பிராசசருக்கு உச்சத்தில் 117 வாட், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு ஒரு 60 வாட் என்று வைத்தால் 347 வாட் வருகிறது. கார்டுகள் கண நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டி மின்சாரம் இழுப்பதுண்டு. பின்னர் சற்றுப் பெரிய கார்டு வாங்கவும் இடம் வேண்டும். எனவே இந்தக் கணினிக்கு 550 வாட் என்று எழுதுவேன்.

80 பிளஸ் என்ற முத்திரை சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச்சேர்கிறது என்பதைச் சொல்வது. மின்னழுத்தம் நிலையாக இருக்குமா, கோளாறு வந்தால் தன்னைத் துண்டித்துக்கொள்ளுமா என்பவற்றை அது சொல்வதில்லை. முத்திரையோடு, பிரித்துச் சோதித்து எழுதிய விமர்சனத்தையும், ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ உள்ள உத்தரவாதத்தையும் தேடுங்கள்.

இணைப்பான்களையும் எண்ணுங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். 6 முனை இணைப்பான் 75 வாட், 8 முனை இணைப்பான் 150 வாட். பிராசசருக்கான 8 முனையும் கார்டுக்கான 8 முனையும் பார்க்க ஒத்திருந்தாலும் உள்ளே வயர்களின் அமைப்பு வேறு. நான்கு நான்காகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளையை வாங்கினால், அதனோடு வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள். பழைய பவர் சப்ளையின் கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தும், ஆனால் மின்சாரம் தவறான முனைக்குப் போய் எஸ்எஸ்டியையோ மதர்போர்டையோ எரித்துவிடும். இதற்கு மட்டும் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

9. கேபினெட்

முகப்பு வலையாக இருக்கட்டும்; முழுக் கண்ணாடி முகப்பு காற்றை மறிக்கும். முன்னால் இரண்டு ஃபேன்கள் காற்றை உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் இந்த அளவுக் கணினிக்குப் போதும். கார்டின் நீளம், கூலரின் உயரம், மதர்போர்டின் அளவு ஆகிய மூன்றையும் கேபினெட் அனுமதிக்கும் மில்லிமீட்டர் அளவுகளோடு ஒப்பிடுங்கள். முன்பக்க ஃபேன்கள் கார்டுக்கான இடத்தில் 25 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கழித்துப் பாருங்கள்.

10. தாளில் பொருத்திப் பார்த்து, பின் வாங்குங்கள்

எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு, பிராசசர் சாக்கெட்டும் மதர்போர்டு சாக்கெட்டும், ரேம் வகையும் மதர்போர்டும், கார்டின் மின் இணைப்பானும் பவர் சப்ளையின் கேபிளும், கார்டின் நீளமும் கேபினெட்டும் என்று இரண்டிரண்டாகச் சரிபாருங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதையும் பாருங்கள்.

வாங்கும்போது எல்லாவற்றையும் சில நாள் இடைவெளிக்குள் வாங்கிவிடுங்கள். மாதத்துக்கு ஒரு பாகமாகச் சேர்த்தால், கடைசிப் பாகம் வந்து கணினியை இயக்கிப் பார்க்கும் நாளில் முதல் பாகத்தைத் திருப்பிக்கொடுக்கும் காலம் முடிந்திருக்கும்; பழுதான மதர்போர்டோடு சேவை மையத்துக்கு அலைய வேண்டிவரும். பணம் மெல்லச் சேர்கிறது என்றால் பணமாகவே சேருங்கள்.

பாகங்கள் வந்ததும் கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம் குச்சி, கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். பழுது இருந்தால் எந்தப் பாகத்தில் என்று அப்போதே எளிதில் தெரிந்துவிடும். டிடிஆர்5 ரேம் உள்ள கணினி முதன்முறை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று பதறி உடனே அணைத்துவிடாதீர்கள்.

11. முதல் நாளில் மாற்ற வேண்டிய அமைப்புகள்

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அன்று. பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால், தவறான இடத்தில் செருகினாலும் திரையில் படம் வந்துவிடும். புதிய கார்டு சும்மா கிடக்க, இவ்வளவு செலவழித்தும் ஃப்ரேம் வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்துப் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். அதுவரை 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்திலும், 6000 என்று வாங்கிய டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800 வேகத்திலும்தான் ஓடும். ரீசைசபிள் பார் வசதியையும் அங்கேயே இயக்கிவிடலாம்.

கடைசியாக, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் போய் ரீஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை இணைத்தாலும் அங்கே 60 என்றே இருக்கக்கூடும். ஒருவர் எட்டு மாதம் அப்படியே விளையாடிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அமர்ந்து, அந்தப் பட்டியலைத் திறந்து 144ஐத் தேர்ந்தெடுத்ததும், மவுஸை இரண்டுமுறை வட்டமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என் மானிட்டர்தானா?" என்று கேட்டார்.